சாலமன் பிடித்த கேட்சுகள்

சாலமன் நிற்கும் இடத்தைச் சுற்றி முப்பதடிக்குள் எந்தப் பொருளும் அவசரமாகக் கீழே விழாது. 1931 ஜூலையில், கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் தகரக் கொட்டகை வரிசை ஒன்றில் அவர் பிறந்த அன்றே இது தெரிந்துவிட்டது. மருத்துவச்சியின் கையிலிருந்து குழந்தை வழுக்கியது. அவள் அலறினாள்; அலறி முடித்தபோதும் குழந்தை இடுப்பு உயரத்தில்தான் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, பழைய சேலை ஒன்றை மடித்து விரித்து, தரைக்கு ஒரு சாண் மேலே வந்துகொண்டிருந்தவனை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்களின் அந்த வரிசையில் அந்த வருடம் பதினாலு பிரசவம், ஒன்பது பிழைத்தன. பிழைத்ததே பெரிய விஷயமாக இருந்த இடத்தில், எப்படி விழுந்தது என்று யாரும் அதிக நாள் பேசவில்லை.

பதினாறு வயதில் சாலமன் தன் அப்பா அப்பாதுரையோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். இறங்கினார் என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. சில நிமிடத்தில் அடியைத் தொடுகிற கூண்டு, சாலமன் ஏறியதும் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்தவர்கள் பீடி தீர்ந்து, கதை தீர்ந்து, நின்றபடியே தூங்கி, கீழே போய்ச் சேர்ந்தபோது ஷிப்டில் பாதி போயிருந்தது. மூன்று நாள் பார்த்துவிட்டுக் கம்பெனி அவரை மேலே மாற்றியது. துரைமார் கிரிக்கெட் ஆடும் மைதானத்தில் உருளை இழுக்கும் வேலை. 1949 பிப்ரவரியில் கீழே பாறை வெடித்து அப்பாதுரையும் இன்னும் நாலு பேரும் செத்தார்கள். சாலமன் அங்கே இருந்திருந்தால் அந்தக் கற்கள் இறங்கி வருவதற்குள் ஐந்து பேரும் எழுந்து, சோற்று வாளியை எடுத்துக்கொண்டு, நடந்தே வெளியே வந்திருப்பார்கள். இது கம்பெனிக்கும் தெரியும். அதற்குப் பிறகும் அவரைக் கீழே அனுப்பவில்லை. கூண்டு தாமதமானால் வேலை கெடும். கூண்டு இறங்கும் ஷாஃப்ட் வாசலில் ஒட்டிய நோட்டீசில், அதே விபத்தில் கை ஒடிந்த வெள்ளைக்கார மேற்பார்வையாளரின் பெயர் முழுசாக இருந்தது. அதற்குக் கீழே, இங்கிலீஷில், ‘மற்றும் ஐந்து கூலிகள்’. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா குமாஸ்தாவிடம் விரலை நீட்டிக் கேட்டாள்: “இதுல எது சாமி எங்க ஊட்டுக்காரர் பேரு?” குமாஸ்தா ‘ஐந்து’ என்ற இடத்தைக் காட்டினார். அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற சாலமனுக்குப் படிக்கத் தெரியும்.

அங்கே எலக்ட்ரிக் ஃபோர்மேனாக இருந்த டெஸ்மண்ட் ஓர் ஆங்கிலோ இந்தியர். சுழல் பந்து போடுவார். அவர் பந்தை எல்லோரும் வானத்துக்கு அடிப்பார்கள். ஒரு சனிக்கிழமை, துரை ஒருவர் குடித்துவிட்டு நிற்க முடியாமல் போனதால், உருளைப் பக்கத்தில் நின்ற சாலமனைக் கூப்பிட்டு எல்லைக்கோட்டில் நிறுத்தினார்கள். பந்து ஏறியது. இறங்கும்போது, சாலமன் தலைக்கு முப்பதடி மேலே வந்ததும், ஏதோ யோசனை வந்ததுபோல் நிதானித்தது. சாலமன் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மூக்கைச் சிந்திக்கொண்டார். வெயில் கண்ணில் படாத பக்கமாக நகர்ந்து, இரண்டு கையையும் குவித்து வாங்கிக்கொண்டார். சர்ச்சில் எழுந்து நிற்பதுபோல் துரைசாணிகள் எழுந்து நின்றார்கள். ஆள் குறையும்போது பதிலுக்கு இறங்குபவர் கேட்ச் பிடித்தால் ஸ்கோர் புத்தகத்தில் அவர் பெயரை எழுத மாட்டார்கள்; ‘சப்’ என்று போட்டு, பந்து வீசியவர் பெயரை மட்டும் முழுசாக எழுதுவார்கள். கிரிக்கெட்டில் அதுதான் வழக்கம். அன்று புத்தகத்தை எட்டிப் பார்த்த சாலமனுக்கு ஷாஃப்ட் வாசல் நோட்டீஸ் கண்ணுக்குள் வந்தது. தன் பெயர் ஒரு தடவையாவது இப்படி ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும் என்று நினைத்தார். வாழ்நாளில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றைத்தான்.

1950இல் டெஸ்மண்ட் பெங்களூரில் ஒரு பெரிய கிளப்புக்கு கேப்டனாகப் போனார். சாலமனையும் கூட்டிக்கொண்டு போனார். மாகாணத்தின் பெரிய ஆட்டங்களெல்லாம் ஆடிய அந்தக் கிளப்பின் பெயர் இங்கே எழுதப்படாது. அவர்கள் அவர் பெயரை எழுதவில்லை, சரிக்குச் சரி. ஒரு துணி மில்லில் வேலை, ஸ்ரீராம்புரத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, மில்லுக்கு லீவு போட்ட நாட்களில் கிரிக்கெட். பதினோரு வருடம் அவர் அந்த அணியின் பன்னிரண்டாவது ஆள். பன்னிரண்டாவது ஆளின் முக்கிய வேலை ஆடுபவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போவது. சாலமனுக்கு அந்த வேலை தரப்படவில்லை. தண்ணீருக்கென்று பதிமூன்றாவதாக ஒருவர் வந்தார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்ல வேண்டியவருக்கும் தெரியும், அப்புறம் என்னத்தைச் சொல்வது? அணியில் சேர்க்க அவர் பேட்டிங்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்க்க ஒருவரும் வரவில்லை. ஆனால் டெஸ்மண்ட் பந்தைக் கையில் எடுத்ததும் யாராவது ஒரு ஃபீல்டருக்குத் தவறாமல் தொடை பிடித்துக்கொள்ளும், சாலமன் வெறுங்காலோடு உள்ளே ஓடுவார். பந்து காற்றில் மிதக்கும்போதே ஆட்டக்காரர்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள், ஒருவேளை நழுவினால் லாபம் என்று. ஹைதராபாத்தில் இருந்து வந்த ஒருவர் பத்தொன்பது ரன் ஓடினார். பந்து அப்புறம்தான் சாலமன் கைக்கு வந்தது. கேட்ச் என்றால் ஓடிய ரன் சேராது. அந்த மனிதர் மூச்சு வாங்கியபடி நேராகச் சாலமனிடம் போய் அவர் இரண்டு உள்ளங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெவிலியனுக்கு நடந்தார். பதினோரு வருடத்தில் அப்படி நூற்றுப் பதினேழு கேட்சுகள். புத்தகத்தில் நூற்றுப் பதினேழு ‘சப்’.

எழுதியவர் ஸ்ரீகண்டன். மல்லேஸ்வரத்துக்காரர், சாலமனைவிட இரண்டு வயது மூத்தவர், முதல் மாடியில் இருந்த ஸ்கோரர் அறையில் சைக்கிள் கிளிப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். ஆட்டம் முடிந்ததும் சாலமன் கீழே புல்லில் நின்று அண்ணாந்து கேட்பார்: “இன்னா சார், எழுதிட்டீங்களா?” ஸ்ரீகண்டன் பால்கனிக் கைப்பிடி மேல் குனிந்து, “சப்னுதான்ப்பா எழுத முடியும், நான் என்ன பண்ண?” என்பார். “பேரு பெரிசா இருக்குதுன்னா பாதி போடுங்க சார், சால்னு போட்டாக்கூட போதும்.” “டீம்ல சேரு, முழுசாப் போடறேன்.” இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஸ்ரீகண்டன் நேர்மையானவர். அவர் விதியை மீறி ஓர் எழுத்துக்கூட எழுதியதில்லை; விதியை மீறி இவரைக் குடிக்கத் தண்ணீர் எடுக்க விட்டதுமில்லை.

1961 டிசம்பரில், டெஸ்மண்ட் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறுவதற்கு முந்தைய வாரம், காலையில் ஓர் ஆட்டக்காரருக்குக் கன்னம் வீங்கி, அம்மைக்கட்டு என்று தெரிந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லை. டெஸ்மண்ட் பட்டியலில் எட்டாவதாகச் சாலமன் பெயரைத் தன் கையால் எழுதினார். யாருடைய ஷூவோ, முன்னால் துணி திணித்துப் போட்டுக்கொண்டு, முப்பது வயதில் சாலமன் பதினோரு பேரில் ஒருவராகக் களத்தில் இறங்கினார். அன்று எதிரணி நாள் முழுக்க ஆடியது. சாலமன் ஆறு கேட்ச் பிடித்தார். கடைசிக் கேட்சுக்குப் பந்து இறங்கி வரும் நேரத்தில், பக்கத்து ரோட்டில் போன பஸ் நின்று, கண்டக்டர் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். மறுநாள் இவர்கள் ஆட வேண்டும், எட்டாவதாகச் சாலமன் மட்டையோடு போக வேண்டும். அன்று மழை வந்தது. சாலமன் மைதானத்துக்கு நடுவில் போய் நின்றார். மழை மேலேயே தங்கியது, புல் காய்ந்திருந்தது. தரைக்கு வர மாலையாகும், அதற்குள் ஆடிவிடலாம் என்று டெஸ்மண்ட் வாதாடினார். நடுவர்கள் தலைக்கு மேலே தொங்கிய துளிகளை வெகு நேரம் பார்த்துவிட்டு, மழை மழைதான் என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டார்கள். இரண்டு கேப்டன்களும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்றைக்குச் சாலமன் கீழே நின்று கேட்கவில்லை. முதல் தடவையாக மாடிப்படி ஏறி ஸ்கோரர் அறைக்குப் போனார். ஸ்ரீகண்டன் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். சாலமன் பார்த்தார். பிறகு ஸ்ரீகண்டனும் பார்த்தார். ஆறு இடத்திலும் ‘சப்’ என்று இருந்தது. சாலமன் பந்தைப் பிடித்தால் அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தை எழுத வேண்டும் என்று பதினோரு வருடமாகப் பழகியிருந்த கை, மனதைக் கேட்காமலே எழுதிவிட்டது. “ஐயையோ, கை தன்னால எழுதிடுத்துப்பா,” என்று ஸ்ரீகண்டன் பேனாவைத் தேடினார். அன்றைய செயலாளர் அறைக்குள் வந்து, கேப்டன்கள் கையெழுத்துக்குப் பிறகு திருத்தம் கிடையாது என்று புத்தகத்தை மூடினார். சாலமன் ஷூவைக் கழற்றி, திணித்த துணியை எடுத்துவிட்டு, வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுப் போனார். அறுபத்திரண்டு வருடம் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்த வருடங்களில் மில் மூடியது, அவர் கல்யாணம் செய்துகொண்ட தாயம்மாவுக்கு நாலு பிள்ளை பிறந்தது, அறைக்கு மேல் இன்னோர் அறை எழும்பியது. வயதாக ஆக அவரைச் சுற்றி எல்லாம் மேலும் மெதுவாயின. 1975இல் கைதவறிய சொம்பை அடுப்படியிலிருந்து வந்து பிடிக்கலாம். 2000இல் கடைக்குப் போய் வந்து பிடிக்கலாம். தாயம்மாவுக்கு இது பெரிய தொல்லை. “டீ ஆத்தணும், கொஞ்சம் தெருமுனைக்குப் போய் நில்லுய்யா, உன்னை வச்சுக்கினு ஒரு கஞ்சி வடிக்க முடியலை,” என்று தினம் இரண்டு வேளை துரத்துவாள். ஆறாவது கிராஸில் ஒரு தண்ணீர்த் தொட்டி இடிந்தபோது சாலமன் அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே இருந்த ஏழு குடும்பமும் பாத்திரம், கட்டில், தையல் மெஷின் உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். கார்ப்பரேஷன் அறிக்கையில் ‘உயிர்ச்சேதம் இல்லை’ என்று இருந்தது. ஏன் இல்லை என்று இல்லை.

பேத்தி ஆஷா அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி. ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை, கோபம் மூக்குமேல். 2023 நவம்பரில் அந்தக் கிளப் போட்டிருந்த விளம்பரத்தை அவள் செல்போனில் பார்த்தாள்: பழைய ஸ்கோர் புத்தகங்கள் ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் பெட்டிக்குள் நிரந்தரமாக வைத்து மூடப்படும், சனிக்கிழமை பொதுமக்கள் பார்வையிடலாம். அவள் அதை உரக்கப் படித்தாள். சாலமன் சட்டையைத் தேடினார். “தொண்ணூத்திரண்டு வயசுல பேருக்கு அலையுது பாரு. ஆதார்ல இருக்குதே, அது பத்தாதா?” என்றாள் தாயம்மா; சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையை அவளே தேய்த்துக் கொடுத்தாள். ஆட்டோ ஒக்கலிபுரம் பாலத்தடியில் நின்றபோது ஆஷா கேட்டாள்: “இத்தனை வருஷம் ஏன் தாத்தா சும்மா இருந்தே?” “பதினோரு வருஷம் கேட்டேன்மா. அப்புறம் அவங்களா கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்.” “கூப்பிடுவாங்க,” என்றாள் ஆஷா, “சொந்தம் பாரு.”

முழங்கால் வலியால் சாலமனால் படி ஏற முடியவில்லை. பால்கனிக்கு நேர் கீழே புல்லில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆஷா மட்டும் மேலே போனாள். ஸ்கோரர் அறையில் தற்போதைய செயலாளர் ஹரிஷ்குமார் இருந்தார், தொழிலில் வக்கீல். மூலையில், தொண்ணூற்று நாலு வயதில், சனிக்கிழமை தவறாமல் வரும் ஸ்ரீகண்டன். ஆஷா புத்தகத்தைத் திறந்து 1961 டிசம்பருக்குப் போய், ஆறு இடத்தையும் விரலால் தட்டி, “இது தப்பு. அந்த லிஸ்ட்ல எட்டாவது பேரு எங்க தாத்தா. இதைத் திருத்தணும்,” என்றாள். ஸ்ரீகண்டன் தடுமாறி எழுந்தார். “சாலமன் பேத்தியா நீ? வந்திருக்கானா?” பதிலுக்குக் காத்திருக்காமல் பால்கனிக்குப் போய்க் கைப்பிடி மேல் குனிந்தார். கீழே சாலமன் அண்ணாந்தார். இரண்டு பேருக்கும் கண் மங்கலாக இருந்ததால் குரல்தான் முதலில் போய்ச் சேர்ந்தது.

“இன்னா சார், எழுதிட்டீங்களா?”

“இல்லப்பா. இன்னும் இல்ல. இதோ.”

அவர் பேனா மூடியைக் கழற்றினார். ஹரிஷ்குமார் புத்தகத்தை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். “சார், நீங்க பெரியவங்க. ஆனா இது கிளப்போட சொத்து. கிளப் கையில இருக்கிற வரைக்கும் ஒரு எழுத்துகூட யாரும் மாத்த ஆகாது, ரூல் இருக்கு.” ஆஷா புத்தகத்தின் மறுமுனையைப் பிடித்தாள். “ரூலா? தண்ணிக்குத் தனியா ஆள் வச்சீங்களே, அது எந்த ரூல்ல இருக்கு, காட்டுங்க.” அவர் இழுத்தார், அவளும் இழுத்தாள், பதினோரு வருட ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டிய அந்தத் தடித்த புத்தகம் கைப்பிடியைத் தாண்டி வெளியே போனது. மூன்று பத்துக்கு அது விழ ஆரம்பித்தது. ஓர் அங்குலம் இறங்கியது. பக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிரிய யோசித்தன. வெயில் தாள்களுக்கிடையில் புகுந்து புல்லில் மஞ்சள் கோடுகள் போட்டது. ஹரிஷ்குமார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தார்.

“இப்போ அது யார் கையில இருக்கு ஹரிஷ்?” என்று கேட்டார் ஸ்ரீகண்டன்.

ஹரிஷ்குமார் வக்கீலாகவே யோசித்தார். நேரம் எடுத்துக்கொண்டார், அவசரம் ஒன்றும் இல்லை. “யார் கையிலயும் இல்ல சார்,” என்றார்.

ஸ்ரீகண்டன் ஆஷாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடத்தில் படி இறங்கினார். புத்தகம் அவர் நெஞ்சு உயரத்துக்கு வர நாலரை ஆனது. அதற்குள் பார்வையாளர்களும் மைதான ஊழியர்களும் சுற்றிலும் கூடிவிட்டார்கள்; கேன்டீன்காரர் டீயை வாசலில் வைத்து ஊற்றி எடுத்து வந்தார், முதல் கிளாஸை ஹரிஷ்குமார் சாலமனுக்குக் கொடுத்தார். ஸ்ரீகண்டன் காற்றில் இருந்த புத்தகத்தில் பக்கம் புரட்டி, ஆறு ‘சப்’பையும் அடித்து, ஆறு இடத்திலும் சாலமன் என்று முழுசாக எழுதினார். அன்றைக்கு அவர் கை மனதைக் கேட்டு எழுதியது. எழுதி முடித்துவிட்டு அவர் நிறுத்தவில்லை. 1950க்குத் திருப்பினார். “சார், அதெல்லாம் நிஜமாவே சப்தானே, ரூல்படி…” என்று ஹரிஷ்குமார் ஆரம்பித்தார். “ரூல் தரையில இருக்கு. இது இன்னும் தரைக்கு வரல,” என்றார் ஸ்ரீகண்டன். நின்று எழுதினார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு புல்லில் உட்கார்ந்து, புத்தகம் இறங்க இறங்கத் தானும் இறங்கினார். அறுபதாவது கேட்சில் விரல் மடங்கிவிட்டது. பேனாவை ஆஷா வாங்கிக்கொண்டாள். அவள் கையெழுத்து பெரியது. கட்டத்துக்குள் அடங்கவில்லை, அடக்க அவள் முயற்சி செய்யவும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எண்ண ஆரம்பித்து, எண்பதுக்கு மேல் எல்லோரும் மெல்லிய குரலில் சேர்ந்துகொண்டார்கள்.

நூற்றுப் பதினேழாவது பெயர் முடிந்தபோது புத்தகம் தரைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. சாலமன் இரண்டு பேர் பிடிக்கப் புல்லில் மண்டியிட்டுக் கையைக் குவித்திருந்தார். “விட்டுடு தாத்தா, கீழ புல்லுதான், ஒண்ணும் ஆகாது,” என்றாள் ஆஷா. “விடறதா?” என்றார் அவர். ஆறு மணி பத்து நிமிடத்துக்குப் புத்தகம் அவர் விரல் நுனியைத் தொட்டது. தொட்ட அந்த நொடியில் கையை ஓர் அங்குலம் பின்னுக்கு இழுத்து, சத்தமே இல்லாமல் வாங்கிக்கொண்டார். மண்டியிட்டிருந்தவரைச் சுற்றி நின்றவர்களும், ஏனென்று தெரியாமல், மண்டியிட்டார்கள்.

சாலமன் விரித்திருந்த பக்கத்தை ஈரம் காயும் வரை பார்த்தார். பிறகு மூடிக் கிளப்பிடம் நீட்டினார். ஹரிஷ்குமார் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தில், ரசீது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் சாலமன். வேண்டும் என்றாள் ஆஷா. கிளப் முத்திரையோடு அவர் எழுதிக் கொடுத்தார்: ஸ்ரீராம்புரம் திரு. அ. சாலமன் அவர்களிடமிருந்து, பால்கனியிலிருந்து விழும்போது பிடிக்கப்பட்ட ஸ்கோர் புத்தகம் ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது.